மலிவு விலைக் கைக்குவிய வில்லைகள்

கைக்குவிய வில்லை என்பது, ஒளிப்படக்காரர் தம் கையால் வளையத்தைத் திருப்பிக் குவியப்படுத்தும் கேமரா வில்லை ஆகும். புழக்கத்தில் இது மேனுவல் லென்ஸ் எனப்படுகிறது. குறைந்த விலையில் கிடைக்கும் இத்தகைய வில்லைகள் இரு வகைப்படும். ஒன்று, ஃபிலிம் காலத்தில் செய்யப்பட்டு இப்போது பழைய பொருளாக விற்கப்படுபவை. மற்றொன்று, டிடிஆர்ட்டிசன், மெய்கே போன்ற சீன நிறுவனங்களும் தென்கொரியாவின் சாம்யாங் நிறுவனமும் அண்மைக் காலத்தில் செய்தவை. இவை மலிவாக இருப்பதற்குக் கண்ணாடியின் தரக்குறைவு மட்டுமே காரணம் அன்று. குவியத்தை நகர்த்தும் மோட்டாரும் மின்னணுச் சுற்றும் இவற்றில் இல்லை. அவை செய்யவேண்டிய வேலை ஒளிப்படக்காரரின் கைக்கும் கண்ணுக்கும் வந்து சேர்கிறது. எனவே எத்தகைய படம் எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இவ்வில்லை சிக்கனமாகவோ வீண்செலவாகவோ அமையும்.

வரலாறு

தானியங்கிக் குவியம் கொண்ட முதல் கேமராக்களுள் ஒன்றான கொனிகா சி35 ஏஎஃப் 1977இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் வெளியான மினோல்டா 7000, வில்லை மாற்றக்கூடிய கேமராக்களில் இம்முறையைப் பரவலாக்கியது. 1987இல் கேனான் நிறுவனம் தன் பழைய எஃப்டி இணைப்பைக் கைவிட்டு, இஎஃப் என்னும் புதிய இணைப்புக்கு மாறியது. இதனால் எஃப்டி வில்லைகளைப் புதிய கேமராக்களில் நேரடியாகப் பொருத்த இயலாமல் போயிற்று.

2008இல் பானாசோனிக் ஜி1 வெளிவந்தபின் நிலைமை மாறியது. இது கண்ணாடி மறிப்பு இல்லாத மிரர்லெஸ் கேமரா ஆகும். இவ்வகைக் கேமராக்களில் வில்லையின் இணைப்புக்கும் உணரிக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவு. சோனி இ இணைப்பில் இது 18 மி.மீ. மட்டுமே, எம்42 எனப்படும் பழைய திருகு இணைப்பில் 45.46 மி.மீ. இடைவெளியை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அடாப்டர் எனப்படும் இக்குழாயில் கண்ணாடி ஏதும் தேவையில்லை. ஆனால் 46.5 மி.மீ. தொலைவு கொண்ட நிகான் எஃப் கேமராவில் அதே வில்லையைப் பொருத்தினால், அது இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு மி.மீ. அளவுக்கு முன்னே தள்ளி நிற்கும். அப்போது தொலைவிலுள்ள காட்சிகள் தெளிவாக விழா.

சிறப்புகள்

சோவியத் ஒன்றியத்தில் பெருமளவில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 நல்ல எடுத்துக்காட்டு. இதன் குவியத்தூரம் 58 மி.மீ.; பெரும ஒளித்துளை எஃப்/2. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் வடிவமைத்த பயோட்டார் வில்லையைப் பின்பற்றி, நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகளைக் கொண்டு இது அமைந்துள்ளது. பின்னணியில் உள்ள இலைகளும் விளக்குகளும் சுழல்வதுபோல் மங்கித் தெரிவது இதன் இயல்பு. ஒளியியல் நோக்கில் இது குறையே என்றாலும், உருவப்படம் எடுப்போர் பலர் இதை விரும்பித் தேடுகின்றனர்.

இவ்வில்லைகளின் குவிய வளையம் நீண்ட தூரம் சீராகத் திரும்புவதால் நுட்பமாகச் சரிசெய்ய முடிகிறது. இது காணொளிப் பதிவுக்கு ஏற்றது. வளையத்தில் தொலைவும் ஒளித்துளை அளவும் பொறிக்கப்பட்டிருப்பதால் முன்கூட்டியே குவியத்தை நிறுத்திவைக்கலாம். 36 × 24 மி.மீ. உணரியில் 28 மி.மீ. வில்லையை எஃப்/8இல் வைத்து 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை போதிய தெளிவு கிடைக்கும். தெருவில் படம் எடுப்போர் இம்முறையைக் கையாள்கின்றனர். மலிவான வில்லைகளும் எஃப்/5.6 அல்லது எஃப்/8 அளவில் படத்தின் நடுப்பகுதியைப் பொதுவாக நன்கு பதிவு செய்கின்றன.

வரம்புகள்

ஒளித்துளையை அகலத் திறக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. மேற்கூறிய உணரியில் 50 மி.மீ. வில்லையை எஃப்/1.8இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. எஃப்/8இல் அது ஏறத்தாழ 18 செ.மீ. ஆகும். முகத்தை அண்மையில் எடுக்கும்போது எதிரில் இருப்பவர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் கண்ணிலிருந்து தெளிவு விலகிவிடும். ஓடும் குழந்தை, பறக்கும் பறவை, விளையாட்டுப் போட்டி, திருமணச் சடங்கு போன்றவற்றில் தவறிய நொடி திரும்ப வராது. மிரர்லெஸ் கேமராக்களில் தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும், காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும் உதவும். எனினும் அவற்றைப் பார்த்துத் திருத்த நேரம் வேண்டும்.

மின்தொடர்பு இல்லாத வில்லையில் ஒளித்துளை அளவு படக்கோப்பில் பதிவாகாது. கேமராவின் உள்ளேயுள்ள அதிர்வுத் தடுப்பு சரியாக இயங்கக் குவியத்தூரத்தைக் கையால் பதிய வேண்டியிருக்கும். வில்லை இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பை இயக்காவிட்டால் சில கேமராக்கள் படமே எடுக்காது. பழைய வில்லைகளின் மேற்பூச்சு எளிமையானது. ஆதலால் வெயிலை நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும். சிறிய ஏபிஎஸ்-சி உணரியில் 50 மி.மீ. வில்லை 75 மி.மீ. அளவுக்கான குறுகிய காட்சியையே தரும். சிறிய அறைக்குள் இது இடையூறாகும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

பழைய வில்லையின் ஒளித்துளையை முழுதும் திறந்து, கைவிளக்கின் ஒளியை உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் காற்றோட்டமின்றி வைக்கப்பட்ட வில்லைகளில் இது எளிதில் வளரும். முற்றினால் மேற்பூச்சை அரித்துவிடும். ஒளித்துளையின் தகடுகளில் எண்ணெய்ப் பசை, இறுகிப்போன குவிய வளையம் ஆகியவையும் குறைகளே. சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில வில்லைகளில் தோரியம் கலந்த கண்ணாடி உள்ளது. காலப்போக்கில் மஞ்சளாகும் இக்கண்ணாடி, புற ஊதா ஒளியில் வைத்தால் பெருமளவு தெளியும்.

அடாப்டர், பழுதுநீக்கம் ஆகியவற்றின் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை தானியங்கிக் குவியம் கொண்ட எளிய 50 மி.மீ. வில்லையின் விலையை எட்டினால் சிக்கனம் என்ற காரணம் அடிபட்டுப்போகும். நிலக்காட்சி, கட்டடம், இரவு வானம், அசையாப் பொருள்கள், பொறுமையாக எடுக்கும் உருவப்படம் ஆகியவற்றுக்குக் கைக்குவிய வில்லை போதுமானது. நிகழ்ச்சிகளைப் படமெடுத்துக் கூலி பெற விரும்புவோருக்கு இதை மட்டும் நம்புவது ஏற்றதன்று.