ராணிகஞ்ச் நிலக்கரியைச் சுட்ட பாறை

புவனகிரிப் பக்கம் போர் போட்டால் மேலே வருவது மணல், களிமண், மறுபடியும் மணல். ஆறும் கடலும் அடுக்கிய படிவுகள் அவை. வடமேற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இத்தகைய அடுக்குகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. அடியிலிருந்து மாக்மா இவற்றைக் கிழித்து ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் அது நடந்தது. 1774 முதல் நிலக்கரி தோண்டும் அந்த வயலில், 25 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த படிவுப் பாறைகளுக்குள் மாக்மா புகுந்து இறுகியிருக்கிறது. அடுக்குகளைக் குறுக்கே வெட்டி நிற்பது டைக். இரண்டு அடுக்குகளுக்கு இடையே படுத்திருப்பது சில். மாக்மாவின் சூட்டில் வெந்து, எரியும் ஆவியை இழந்து கெட்டிப்பட்ட நிலக்கரியைச் சுரங்கத் தொழிலாளர்கள் 'ஜாமா' என்கிறார்கள்.

ஊடுருவிய பாறையா, மேலே வழிந்து பின்னால் புதைந்த எரிமலைக் குழம்பா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. வழிந்த குழம்பு தன் அடியில் இருந்ததை மட்டும் சுடும். ஊடுருவியது இரு பக்கமும் சுடும். அதன் ஓரங்கள் சட்டெனக் குளிர்ந்ததால் அங்கே படிகங்கள் நுண்ணியவை; நடுவில் பெரியவை. சுடப்பட்டது மூத்தது, சுட்டது இளையது. கருவி எதுவுமின்றிக் கண்ணால் கண்டு சொல்லக்கூடிய இந்த முடிவைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஆனால் எவ்வளவு இளையது? அங்கே ஆர்கான் வாயு வேண்டும். பாறையிலுள்ள பொட்டாசியம்-40 மெல்லச் சிதைகிறது. பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு. அதில் ஒரு பங்கு ஆர்கான் ஆகிறது. உருகிய நிலையில் ஆர்கான் தப்பிவிடும். இறுகியபின் படிகத்துக்குள் சிக்கிச் சேரும். சேர்ந்ததை அளந்தால் இறுகிய காலம் தெரியும். மணற்கல்லில் இது எளிதல்ல. சேலத்து மலைகளிலிருந்து வரும் வெள்ளாற்று மணலை அளந்தால், மணல் படிந்த காலம் வராது, தாய்ப்பாறையின் வயதுதான் வரும். படிவுகளின் காலத்தை வரையறுக்க ஊடுருவல்கள் இவ்வளவு உதவுவது இதனால்தான்.

ராணிகஞ்சை வெட்டிச் செல்லும் சால்மா டைக், வடக்கே அருகிலுள்ள ராஜ்மகால் எரிமலைப் பாறையின் கிளை என்றே எண்ணத் தோன்றும். ராஜ்மகாலுக்கு வயது சுமார் 11.8 கோடி ஆண்டு. சால்மாவை அளந்தபோது வந்தது ஏறத்தாழ 6.5 கோடி: நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே தக்காண எரிமலைகள் பொங்கிய காலம், டைனோசர்கள் அழிந்த காலம். அதே வட்டாரத்தில் மைக்கா மிகுந்த லாம்ப்ராய்ட் ஊடுருவல்களோ ராஜ்மகால் காலத்தவை. ஐந்து கோடி ஆண்டு இடைவெளியில், அந்த நிலக்கரி வயல் இருமுறை சுடப்பட்டிருக்கிறது.