பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகம் ஏன் குறைய வேண்டும்?

1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க் வானில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 ஜெட்டும் டிடபிள்யூஏவின் சூப்பர் கான்ஸ்டலேஷனும் மோதின. விமானங்களில் இருந்த 128 பேரும் தரையில் 6 பேரும் மாண்டனர். வட்டமிட்டுக் காத்திருக்கச் சொன்ன இடத்தைத் தாண்டி டிசி-8 வந்துவிட்டிருந்தது. அதன் வழிகாட்டும் கருவிகளில் ஒன்று பழுதாகியிருந்ததைத் தரைக் கட்டுப்பாட்டாளர்களிடம் விமானிகள் தெரிவிக்கவில்லை. ஆக, வேகம் மட்டுமே குற்றவாளி அல்ல. ஆனால் 300 நாட் வேகம் அந்தப் பிழையைத் திருத்த யாருக்கும் அவகாசம் தரவில்லை. அதன் பிறகே அமெரிக்காவில் விமான நிலையங்களை நெருங்கும் விமானங்களுக்கு வேக வரம்பு வந்தது. இன்று 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர்தான் உச்சம். கட்டுப்பாட்டு கோபுரம் உள்ள பல நிலையங்களில் 4 கடல் மைலுக்குள், தரையிலிருந்து 2,500 அடி உயரம் வரை 200 நாட்.

எதிரே வரும் விமானத்தைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, விலகி முடிக்க ஒரு விமானிக்கு 12.5 நொடி தேவை என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. நேருக்கு நேர் 250 நாட்டில் வரும் இரண்டு விமானங்கள் அதற்குள் 3.2 கிலோமீட்டர் நெருங்கிவிடும். 350 நாட்டில் வந்தால் 4.5 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் ஒரு சிறு விமானம் கண்ணில் படுவதே அரிது. மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கும்போது இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்பவர்கள் உண்டு. அந்தக் கருவி சுமார் 1,000 அடிக்குக் கீழே விலகும் வழியைச் சொல்லாது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் 67 உயிர்களைப் பறித்த மோதல் அதற்கும் தாழ்வான உயரத்தில்தான் நடந்தது. அங்கே காரணம் வேகமல்ல. ஆனாலும் கருவியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அதுவே சான்று. பாரம் மிகுந்த விமானம் அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாதே என்ற வாதத்துக்கு விதியிலேயே பதில் உண்டு: பாதுகாப்பான குறைந்தபட்ச வேகம் வரம்பைவிட அதிகமானால் அந்த வேகத்தில் பறக்கலாம்.

‘வேகமாக வாருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னாலும் 250 நாட் வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. மறுப்பது விமானியின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. தெரியாமல் மீறிவிட்டவர் 10 நாளுக்குள் நாசா நடத்தும் ரகசிய அறிக்கைத் திட்டத்தில் தெரிவித்தால், விபத்தோ குற்றச்செயலோ இல்லாதபோது, பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும். பயணிகளுக்கும் சட்டம் துணை நிற்கிறது. மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட பன்னாட்டுப் பயணத்தில் விபத்தால் காயமோ மரணமோ நேர்ந்தால், நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலேயே குறிப்பிட்ட தொகை வரை இழப்பீடு கோரலாம். வழக்கை 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும்.