அலுமாரியில் உறங்கும் இறுவட்டுகள்

நம்மவர் வீடுகளிலே, அலுமாரியின் மேற்றட்டில், பட்டுச் சேலைகளுக்கு அருகே ஓர் உறையினுள் நாலைந்து இறுவட்டுகள் கிடப்பதைக் காணலாம். ஒன்றிலே மூத்த மகளின் திருமணம். மற்றொன்றிலே பூப்புனித நீராட்டு விழா. இன்னொன்றிலே, இப்பொழுது நம்மிடையே இல்லாத பாட்டனார் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லுங் குரல். 2000ஆம் ஆண்டையடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், ஊரில் நடந்த வைபவத்தை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் காணும்பொருட்டு அஞ்சலிற் சென்றவையும் இத்தகைய தட்டுகளே. ஆறுதலாகப் பார்க்கலாம் என்று அவற்றை வைத்திருப்போர் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். தட்டு உள்ளுக்குள்ளே பழுதடைகின்றது. அதைப் படிக்குங் கருவியும் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றது.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களுங் கூடி ஆக்கிய இறுவட்டு, 1982இல் யப்பானிலே முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அத்தட்டிலே, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாக ஓடும் பாதையை நீட்டிப்பிடித்தால் அது 5 கிலோமீற்றருக்கும் அதிகமாகும்! தொழிற்சாலையிலே செய்யப்படும் பாட்டுத் தட்டில், இப்பாதையிலுள்ள நுண்குழிகள் பிளாஸ்ரிக்கிலேயே அச்சாகப் பதிக்கப்படுகின்றன. கணினியில் நாம் எழுதும் தட்டின் கதையோ வேறு. அதனுள்ளே மெல்லிய சாயப் படையொன்று உண்டு. லேசர் ஒளியின் சூடு அச்சாயத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றுகின்றது. ஆகவே, ‘எரித்தல்’ என்று சொல்வது வெறும் உவமையன்று. சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்குவது சேலைக்கு மட்டுமுரிய குணமோ? கடையில் வாங்கிய பழைய பாட்டுத் தட்டு இன்னும் இனிதாக ஒலிக்கின்றதே என்பதைக் கொண்டு, வீட்டில் எரித்த தட்டைப்பற்றியும் நிம்மதி கொள்ளுதல் தவறு.

அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனம் 2003இல் வெளியிட்ட கைந்நூலொன்று, இத்தட்டுகளை 4 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும், 20 முதல் 50 வீத ஈரப்பதனிலும் வைக்கும்படி கூறுகின்றது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கு இது எட்டாக் கனி. நுவரெலியாவிலே குளிர் கிடைக்கும். ஆனால் அங்குள்ள ஈரம் விடாது. நம்மாற் கூடியது, வெயில் படாத இடத்தில், உறையிலிட்டு, நிமிர்த்தி வைப்பதேயாகும். தட்டின் மேற்புறத்திற் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுவோர் பலர். சாதாரண இறுவட்டிலே மினுங்கும் படை அம்மேற்புறத்தை ஒட்டியே உள்ளது. மேலே மெல்லிய பூச்சொன்றே காவல். கீழ்ப்புறத்துக் கீறலிலும் மேற்புறத்துக் கீறலே பெருங்கேடு செய்யும்.

இனி, கருவியைக் கவனிப்போம். 2008இல் வந்த ‘மக்புக் எயார்’ மடிக்கணினியிலே தட்டுச் செலுத்தும் வாய் இருக்கவில்லை. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றிலும் அது இல்லை. எனினும், யூ.எஸ்.பி. துளையிற் செருகும் வெளி ட்ரைவ் இன்னும் கிடைக்கின்றது. உறவினர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். தட்டை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்து, பின்பு அதன் உள்ளடக்கம் முழுவதையும் கணினியின் வன்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கீறல் விழுந்த தட்டானால் மனந்தளர வேண்டியதில்லை. லினக்ஸில் இயங்கும் ‘டீடீரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள், எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயலும். இரவு முழுவதும் ஓட நேரலாம், பொறுத்திருத்தல் தகும்.

புதிய தட்டொன்று எரிக்க விரும்புவோர் பெரிய மென்பொருள் எதனையுந் தேடி அலைய வேண்டியதில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலாக, முழுத் தட்டின் படிமக் கோப்பையும் எரிக்கும் வசதி விண்டோஸிலேயே அமைந்துள்ளது. முன்னாளில் யாவரும் நாடியது ‘நீரோ’ என்னும் ஜெர்மானிய மென்பொருளை. உரோமாபுரி எரிந்த காலத்து மன்னன் பெயரைச் சூட்டி, எரியும் கொலோசியத்தை அதன் சின்னமாகவும் வைத்தனர். கி.பி. 64இல் நகரம் எரிந்தபோது கொலோசியம் கட்டப்படவேயில்லை என்பது சரித்திர மாணவர் அறிந்து சிரிக்கத்தக்கது. இலவச மென்பொருள் நிறுவுவோர், ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே அதனைப் பெறுக. ‘அடுத்து, அடுத்து’ என்று கண்ணை மூடி அழுத்துபவர் வீட்டுக்கு, அழையா விருந்தாளியாக விளம்பரச் சரக்குகளும் வந்து சேரும். எரிக்கும்போது மடிக்கணினியை மின்னிணைப்பிலே வைத்து, உச்ச வேகத்தை விடுத்து நடுத்தர வேகத்தைத் தெரிதல் நன்று. முடிந்தபின் சரிபார்க்கும் படியைத் தவிர்க்கலாகாது.

எரித்தல் என்ற சொல் நம்மவர் செவிக்கு எளிய சொல்லன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் பிரதிசெய்து பேணி வருகின்றது. வீட்டுத் தட்டுக்கும் அதே வழிதான்: ஒரு பிரதி வன்தட்டில், மற்றொன்று வேறொரு வீட்டில், இயலுமானால் வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம்.

கோப்புக்குப் பெயரிடும்போது ‘புதிய கோப்புறை’ என்று விட்டுவிடாமல், யாருடைய திருமணம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவிடுக. பந்தலின் பின்வரிசையில் நிற்பவர் இன்னாரென்று சொல்லத்தக்க பெரியவர்கள் வீட்டிலிருந்தால், அவர்களை அருகே இருத்தி, படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, பெயர்களையுங் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.