வேலை போனால் பெட்டும் போகுமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெண் தொழிலாளர் விடுதிகளில் என்னதான் பிரச்சினை?

அறைக்கு ஆறு பேர். காலையில் பாத்ரூம் வாசலில் வரிசை. மெஸ் சாம்பார் மீது தீராத புகார். இரவு கேட் மூடும் நேரம், வெளியே போக வார்டன் அனுமதி. கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் ரொம்பவே பழக்கமான விஷயங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதி ஆலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் வாழ்க்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிளஸ் டூ, டிப்ளமோ அல்லது டிகிரி முடித்த கையோடு வெளிமாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். பையோடு பஸ்ஸில் இறங்கினால், கம்பெனி ஐடி கார்டோடு ஒரு பெட்டும் கிடைக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கல்லூரியில் மெஸ் சரியில்லை என்று சத்தம் போட்டால் டிகிரி பறிபோகாது. இங்கே சம்பளம், சாப்பாடு, பஸ், பெட் நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் பற்றிப் புகார் சொன்னால் மற்ற மூன்றும் ஆடும் என்ற பயம் இருக்கும். இந்தக் கயிறுதான் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலைக்கு வந்தது.

இங்கே ஏன் இவ்வளவு விடுதிகள்?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் 2010-ல் வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த பகுதி வேகமாகத் தொழிற்பேட்டையானது. ஆலைகள் வந்த வேகத்தில் வாடகை வீடுகள் வரவில்லை.

கார் ஆலைகளில் ஆண்கள் அதிகம். செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி லைன்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. அதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. ஆலைகளில் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தத் தடை விதித்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை, சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளோடு நைட் ஷிஃப்ட்டுக்குக் கதவு திறந்தது.

மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலைக்கு ஆட்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெரியாத ஊரில் தனியாக வீடு எடுக்க வீட்டிலும் விடமாட்டார்கள், வீட்டு ஓனரும் தரமாட்டார். "கம்பெனி ஹாஸ்டல், கம்பெனி பஸ்" என்றால்தான் பெற்றோர் சம்மதிப்பார்கள். கம்பெனிக்கும் வசதி, குடும்பத்துக்கும் நிம்மதி. இப்படித்தான் விடுதி, வேலையின் ஒரு பகுதியாகவே ஆனது.

2021 டிசம்பரில் என்ன நடந்தது?

ஐபோன் அசெம்பிள் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருக்கிறது. அங்கு வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில், டிசம்பர் மாத நடுவில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250-க்கும் மேற்பட்டோருக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். மருத்துவமனைக்குப் போன தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று விடுதியில் இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மறியல் மறுநாளும் நீடித்தது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் நேரில் வந்து விளக்க வேண்டியிருந்தது.

பிறகு நடந்த உணவுப் பாதுகாப்பு ஆய்வில், விடுதிச் சமையலறையில் எலிகளும் மோசமான கழிவுநீர் வசதியும் கண்டறியப்பட்டன. சமையலறை மூடப்பட்டது. சில விடுதிகளில் பெண்கள் தரையில் நெருக்கியடித்துப் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகள் இருந்ததும் ராய்ட்டர்ஸ் செய்தியில் வெளிவந்தது.

சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் பயன்படுத்தும் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், டிசம்பர் 29 அன்று அந்த ஆலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கியது.

மெஸ் சாப்பாட்டில் ஆரம்பித்த பிரச்சினை, உலகின் பெரிய செல்போன் நிறுவனத்தின் உற்பத்தியையே சில வாரங்கள் நிறுத்தியது.

சாப்பாடு சரியில்லைன்னா யார்கிட்ட சொல்றது?

கேள்வி சிம்பிளாகத்தான் தெரியும். பதில் சிம்பிள் இல்லை.

ஆலைக்கு உள்ளே இருக்கும் கேண்டீன் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் இருக்க வேண்டும் என்றது அதன் 46-வது பிரிவு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள் அதை ஆய்வு செய்யலாம்.

ஆனால் ஆலை கேட்டைத் தாண்டி 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விடுதி மெஸ்? அது உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. கட்டடம் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. விடுதி உரிமம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. 2021 விவகாரத்தில் ஆலை இருந்தது காஞ்சிபுரம் மாவட்டம், விடுதி இருந்தது திருவள்ளூர் மாவட்டம்.

இதற்கு நடுவே ஒப்பந்த நிறுவனங்கள். தொழிலாளரை வேலைக்கு எடுப்பது ஒரு நிறுவனம், விடுதியை நடத்துவது இன்னொரு நிறுவனம், சமைப்பது மூன்றாவது ஆள் என்று இருக்கலாம். வார்டனிடம் சொன்னால் "காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க", காண்ட்ராக்டரிடம் சொன்னால் "கம்பெனிதான் முடிவு பண்ணணும்" என்று சுற்றல் தொடங்கும். தன் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலை வேறு.

சட்டமே இல்லையா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014-ல் வந்தது. கல்லூரி மாணவிகள் விடுதியோ, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியோ, உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. பாதுகாப்பு, காவலர், வார்டன் போன்றவற்றுக்கு விதிகள் உண்டு.

இந்தச் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் "பெண்களுக்குப் பாதுகாப்பு" என்பதில் நிற்கிறது. வேலைக்கும் பெட்டுக்கும் உள்ள முடிச்சை அது தொடுவதில்லை.

வல்லம் வடகாலில் என்ன மாறியது?

2021-க்குப் பிறகு பெரிய மாற்றம் என்றால் அது வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் வந்த குடியிருப்புதான். முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17 அன்று இதைத் திறந்து வைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் கலந்துகொண்டார்.

* செலவு: 706.50 கோடி ரூபாய்
* 13 பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர்
* மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம்

கணக்குப் போட்டால் ஒரு பெட்டுக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய். சிறிய காண்ட்ராக்டர் ஒருவர் பழைய கட்டடத்தை எடுத்து நடத்தும் விடுதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கட்டடத்தின் உரிமையாளர் அரசு நிறுவனமான சிப்காட். தண்ணீர், கழிப்பறை, தூங்க இடம் போன்ற அடிப்படைப் பிரச்சினைகளுக்கு இது உண்மையான தீர்வு.

மத்திய அரசும் 2024 ஜூலை பட்ஜெட்டில் தொழிலாளர்களுக்கு டார்மிட்டரி வகை வாடகைக் குடியிருப்புகளை அறிவித்தது. 2024 டிசம்பரில் நிதி ஆயோக், தொழிலாளர் குடியிருப்பு பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மாதம் 20,000 ரூபாய் வரை கட்டணம் வாங்கும் விடுதிகளில் தொடர்ந்து 90 நாட்களாவது தங்குபவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்ற முடிவும் அதே ஆண்டு ஜூனில் வந்தது. மாணவர், தொழிலாளர் இரு தரப்புக்கும் இது லாபம்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

பாதி. கட்டடம் மாறினாலும் முடிச்சு அவிழவில்லை. ஒரே கம்பெனியின் தொழிலாளர்களுக்கான குடியிருப்பில், வேலை இருக்கும் வரைதான் பெட் இருக்கும்.

சீன ஆலை விடுதிகளை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் இதை "டார்மிட்டரி லேபர் ரெஜீம்" என்று குறிப்பிடுகிறார்கள். தூங்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒரே கையில் இருந்தால், ஓவர்டைமுக்கு ஆளைக் கூப்பிடுவதும் எளிது, அதிருப்தியை அடக்குவதும் எளிது. ஆனால் அதே அறைகளில்தான் தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்குகிறார்கள் என்பதும் அந்த ஆய்வுகள் சொல்வதுதான். பூந்தமல்லியில் அது கண்ணெதிரே நடந்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதை 1961-லேயே யோசித்திருக்கிறது. அதன் 115-வது பரிந்துரை, முதலாளிகளே நேரடியாகத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்கிறது. ஊருக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஆலை போன்ற சூழல்களுக்கு விதிவிலக்கு உண்டு. அப்படிக் கொடுத்தாலும் சங்கம் சேரும் உரிமை உள்ளிட்ட அடிப்படை உரிமைகள் மதிக்கப்பட வேண்டும், வேலை முடிந்தால் வேறு இடம் தேட நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. பரிந்துரை என்பதால் இது யாரையும் கட்டாயப்படுத்தாது.

ஆனால் இந்த "நியாயமான அவகாசம்" பெரிய விஷயம். 15 நாளோ ஒரு மாதமோ பெட் உறுதி என்று தெரிந்தால், மெஸ்ஸில் எலி ஓடுவதைச் சொல்ல ஒரு பெண்ணுக்குத் தைரியம் வரும். இரவோடு இரவாகப் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், சாப்பாடு எப்படி இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார். தரமான விடுதிக்கு செங்கல், சிமென்ட் போலவே இந்த அவகாசமும் தேவை.

விடுதியில் சேரும் முன் என்ன கேட்கலாம்?

* விடுதிக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் இருக்கிறதா? நகல் எங்கே மாட்டியிருக்கிறது?
* மெஸ்ஸுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் உண்டா?
* நடத்துவது யார்: கம்பெனியா, காண்ட்ராக்டரா? புகாரை எழுத்தில் யாரிடம் கொடுப்பது?
* வாடகையும் சாப்பாட்டுப் பணமும் சம்பளத்தில் பிடிக்கப்படுமா? பே ஸ்லிப்பில் தனியாகக் காட்டுவார்களா?
* வேலையை விட்டால் எத்தனை நாள் தங்கலாம்?
* உடல்நிலை சரியில்லாமல் போனால் எந்த மருத்துவமனை? வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள்?

அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. உணவுக் கோளாறு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரடியாகவே புகார் கொடுக்கலாம், கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மேலே உள்ள கேள்விகளில் ஐந்தாவதுதான் பலரும் கேட்கத் தயங்குவது. வேலைக்குச் சேரும் நாளிலேயே வேலையை விடுவது பற்றி யார் கேட்பார்கள்? ஆனால் அந்த ஒரு பதிலை எழுத்தில் தரும் விடுதியில், மற்ற ஐந்தையும் பயமில்லாமல் கேட்கலாம்.