வலிவு இருக்கிறதா என்று கேட்டால்

மலையாளத்தில் 'வலிவு' என்றால் இளைப்பு. கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்த் தாயிடம் ஆஸ்பத்திரி நர்ஸ், "மோனு வலிவுண்டோ?" என்று கேட்டால், பிள்ளை பலமாக இருக்கிறானா என்று கேட்பதாக எண்ணி அவர் தலையாட்டிவிடக்கூடும். அதனால் வீசிங், இழுப்பு, எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். கூடவே, "மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏனென்றால் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூச்சு பல நேரம் சரியாகவே இருக்கும். குறை, ஓடும்போதுதான் வெளிப்படும். ஒரு லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்ற எத்தனை லிட்டர் காற்றை இழுத்து விட வேண்டியிருக்கிறது என்பதுதான் மூச்சின் திறன். நல்ல நுரையீரலுக்கு, உழைக்கும் நேரத்திலும் 30 லிட்டர் அளவு போதும். குறைமாதத்தில் பிறந்து பல வாரம் ஆக்சிஜனில் கிடந்த பிள்ளைக்கும், நிமோனியாவோ காசநோயோ மூச்சுக்குழாயைக் கெடுத்துவிட்ட பிள்ளைக்கும், இழுத்த காற்றில் ஒரு பங்கு ரத்தத்தைச் சேராமலே வீணாகத் திரும்பிவிடலாம். கூட்டாளி இரண்டு மூச்சில் ஏறும் படியை அவன் நாலு மூச்சில் ஏறுவான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது கொடுமை.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, ஆறு நிமிட நடைச் சோதனை. முப்பது மீட்டர் நடைபாதை, ஒரு கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், இவ்வளவுதான் வேண்டும். "என் பிள்ளையை நடக்கவிட்டுப் பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம். 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கும் நோய்களின் பட்டியலில் இளைப்பும் இருக்கிறது. அங்கன்வாடியிலோ அரசுப் பள்ளியிலோ கேளுங்கள். ஐயம் இருந்தால் கேரள அரசின் 'திசா' சுகாதார உதவி எண் 1056ஐ அழையுங்கள்.

பயந்துபோய் விளையாட்டையே நிறுத்திவிடுகிறோம். அதுதான் பெரிய தவறு. ஓடாத காலில் தசை தளரும். தளர்ந்த தசை சின்ன வேலைக்கும் அதிக மூச்சு கேட்கும். டாக்டர் சொன்னால் விளையாடப் போகுமுன் ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் கொடுங்கள். அது போதையல்ல, பழக்கமாகிவிடாது. பத்து நிமிடம் மெல்ல நடந்து உடம்பு சூடானபின் ஓடட்டும். உதடு நீலம் பூத்தாலோ, விலா உள்வாங்கினாலோ, பேச்சு வராவிட்டாலோ காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கொச்சியின் கொசு ஊரறிந்தது. அதற்காகப் பிள்ளையின் தலைமாட்டில் கொசுவத்தி ஏற்றாதீர்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம். கொசுவலை போதும். வெளியிலிருந்து வரும் புகையும் ஆபத்துதான். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைமேட்டில் தீப்பிடித்து, புகை பல நாள் நகரத்தை மூடியபோது பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள். பொது இடத்தில் புகைபிடிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே தடுத்தது. பிள்ளை பக்கத்தில் பீடி பற்றவைப்பவரை அணைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது "ஓடவிட வேண்டாம்" என்று எழுதாதீர்கள். "ஓடட்டும், களைத்தால் கேட்காமலே நிற்கலாம், இன்ஹேலர் பையில் இருக்கும்" என்று எழுதி, டாக்டர் சீட்டையும் இணையுங்கள். அதற்குப் பிறகும் பள்ளியில் பிள்ளையை அவமானப்படுத்தினால், மன உளைச்சல் தருவதைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098இல் சொல்லலாம், மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.