பழுதுபார்த்ததில் பழுது: யார் பொறுப்பு?

லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கு எங்களுடையது. முல்லைப் பெரியாற்றின் அந்தப் பாசனப் பரப்புக்கு எங்கள் ஊர்தான் கடைக்கோடி. அறுவடை தொடங்கிவிட்டால், நெல்லை வயலிலிருந்து களத்துக்குக் கொண்டுசேர்க்க டிராக்டரின் பின்னால் மாட்டும் டிரெய்லரைத்தான் நம்பியிருக்கிறோம். அது இரண்டு நாள் நின்றுபோனால், மழை நமக்காகக் காத்திருக்காது.

பணி ஓய்வுக்குப் பின் தம்பியுடன் சேர்ந்து குடும்ப நிலத்தைக் கவனித்துவருகிறேன். சென்ற ஆண்டு அறுவடைக்கு முன்பு எங்கள் டிரெய்லரைப் பட்டறையில் விட்டோம். இரு சக்கரங்களின் பேரிங்குகளையும் மாற்ற வேண்டும், அச்சில் கண்ட விரிசலைச் சரிசெய்ய வேண்டும் என்பது பேச்சு. ஒரு பட்டறையில் 26,000 ரூபாய் கேட்டார்கள், இன்னொன்றில் 18,000. குறைவாகக் கேட்டவரிடமே விட்டேன்.

ஒன்பதாம் நாள் நெல் பாரத்துடன் கம்பம் சாலையில் வரும்போது இடது சக்கரம் ஆட்டம் கண்டது. பற்றவைத்த இடத்திலேயே அச்சு முறிந்தது. பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் மயிரிழையில் தப்பினார். 26,000 கேட்ட பட்டறையில்தான் பிரித்துப் பார்த்தோம். பழைய பேரிங்குகளுக்கே கிரீஸ் பூசி மாட்டியிருந்தார்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே வெல்டிங் வைத்திருந்தார்கள். என் கையில் இருந்த ஆதாரம், கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

சந்தை எங்கே தோற்கிறது என்று பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். பாடத்தில் இருந்தது என் வாசலுக்கே வந்திருந்தது. கத்தரிக்காயை வாங்கும் முன்பே தரம் பார்த்துவிடலாம். உணவகச் சாப்பாட்டின் தரம் சாப்பிட்ட பின் தெரிந்துவிடும். பழுதுபார்க்கும் வேலையோ முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாது. இத்தகைய சேவைகளை ‘நம்பிக்கைச் சரக்கு’ என்ற வகையில் 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் விளக்கினார்கள். தரத்தை வாங்குபவரால் அறிய முடியாத சந்தையில், தரம் குறைந்த சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றார். பேரிங்கை உண்மையாகவே மாற்றுகிறவர் 26,000 கேட்பார். மாற்றாதவருக்கு 18,000 போதும். வேறுபாடு தெரியாத என்னைப் போன்றவர்கள் நேர்மையான பட்டறையைத் தண்டித்துவிடுகிறோம்.

தகவல் இல்லாத இந்த இடைவெளியை நிரப்பத்தான் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட வேலையில் தரமோ முறையோ குறைந்தால் அது ‘சேவைக் குறைபாடு’. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பட்டறை எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். இணையம் வழியாகவும் மனு அளிக்கலாம். வழக்குக்கு முன் சமரசம் தேட 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு.

இங்கே ஒரு சிக்கல். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: சுமை ஏற்றிப் பிழைக்கத் தானே ஓட்டுவதற்காக லாரி வாங்குபவர் நுகர்வோரே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், சுயதொழிலால் பிழைப்பவர் வாங்கும் பொருளோடு அவர் பெறும் சேவையையும் வெளிப்படையாகப் பாதுகாத்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்திலோ ‘பொருள்’ மட்டும் இருக்கிறது. ‘சேவை’ என்ற சொல் விடுபட்டுவிட்டது. சொந்த நெல்லை ஏற்றும் உழவருக்கும் டிராக்டரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் இளைஞருக்கும் எதிராக, ‘இது வணிகம்’ என்று வாதிட ஒரு வாசல் திறந்திருக்கிறது. விடுபட்ட அந்தச் சொல்லை நாடாளுமன்றம் மீண்டும் சேர்க்க வேண்டும்.

சட்டம் துணை நின்றாலும் சான்று நம்மிடம்தான் இருக்க வேண்டும். வண்டியை விடும்போதே செய்ய வேண்டிய வேலைகளையும் தொகையையும் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். உதிரிபாகத்தின் ரசீதை வாங்க வேண்டும். வேலை கெட்டுப்போனால், அவசரத்தில் இன்னொரு பட்டறையில் உடனே சரிசெய்துவிடக் கூடாது. அத்துடன் தடயமும் அழிந்துவிடும். முதலில் படம் எடுத்து, பிரித்துப் பார்த்தவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கி, பழுதான பாகத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கால அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் கடிதம் அனுப்ப வேண்டும்.

வாக்குவாதம் முற்றினால் வண்டியை வலுக்கட்டாயமாக இழுத்துவருவதும் தவறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்டவாறு வேலையை முடித்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கலாம். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைச் செலுத்தி வண்டியை எடுப்பதே அறுவடைக் காலத்தில் விவேகம்.

வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவர் சொன்னபடி கடிதம் அனுப்பினேன். நான்காம் நாள் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். “பையன் செஞ்ச வேலைங்க சார், நான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார். 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது, “நீங்களும்தான சார் கொறச்சுக் கேட்டீங்க” என்றார். புதிய பேரிங் என்று சொல்லிப் பழையதை மாட்டியதற்கு அது சமாதானம் ஆகாது. ஆனாலும் அந்தச் சொல் என்னைச் சற்று உறுத்தியது.

இப்போது எங்கள் டிரெய்லர் 26,000 கேட்ட பட்டறைக்குத்தான் போகிறது. கழற்றிய பேரிங்குகளைச் சாக்கில் கட்டி, ரசீதுடன் கொடுத்தனுப்புகிறார் அவர். அந்தச் சாக்கை வீட்டுக்கு எடுத்துவரும்போதெல்லாம், கூடுதலாகக் கொடுக்கும் தொகை எதற்கு என்பது தெரிகிறது.