பதினேழு துண்டு, மூன்று துணை

இணையக் காப்புச் சேவையில் ஏற்றிய புகைப்படம் எந்த வட்டில் இருக்கிறது? பெரும்பாலும் எந்த ஒரு வட்டிலும் அது முழுதாக இருப்பதில்லை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2015-இல் விளக்கிய முறைப்படி, ஒரு கோப்பை 17 துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்டு மேலும் 3 துண்டுகளை உருவாக்குகிறார்கள். இருபதும் தனித்தனிக் கணினிகளுக்குப் போகின்றன. எந்த மூன்று தொலைந்தாலும் எஞ்சிய 17 துண்டுகளிலிருந்து படம் ஒரு புள்ளிகூடக் குறையாமல் மீண்டுவிடும். 7, 5 என்ற எண்களோடு கூட்டுத்தொகை 12-ஐயும் எழுதிவைத்தால், மூன்றில் எது அழிந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அந்த எண்ணத்தின் விரிந்த வடிவம் இது. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் ஆகிய இருவர் 1960-இல் வெளியிட்ட கணிதம். கீறல் விழுந்த குறுந்தகடு தடங்கலின்றிப் பாடியதற்கும் இதே கணக்குதான் துணை நின்றது.

இந்த அற்புதம் காப்பது வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே. அழி என்று நாமே ஆணையிட்டால் இருபது துண்டுகளும் பணிந்துவிடும். கூகுள் போட்டோஸ் செயலியில் காப்பெடுத்த படத்தை நீக்கினால் இணையத்திலிருந்தும் அது நீங்குகிறது. குப்பைத் தொட்டியில் 60 நாள் தவணை, அவ்வளவுதான். கைப்பேசியில் இடம் பிடிக்கிறது என்று படங்களை அழிப்பவர்கள் பலர் இதை அறிவதில்லை. பெரிய நிறுவனம் தொலைக்காது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. பழைய படங்களும் காணொளிகளும் பாடல்களும் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-இல் ஒப்புக்கொண்டது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, மூலத்தையும் நகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

அப்படியென்றால் வீட்டு ஹார்டு டிஸ்க்கே போதுமே என்று தோன்றலாம். வெள்ளமும் திருட்டும் வந்தால் வீட்டில் இருப்பவை சேர்ந்தே போகும். ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது, துணையாகத்தான் ஆகும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதியின் பொருள் இதுவே: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். செலவுதானே தடை என்பார்கள். கல்யாண ஆல்பத்துக்குக் கணக்குப் பார்க்காத நாம், அதன் கோப்புகளுக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கத் தயங்குவது நியாயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பழைய படங்கள் பத்தை இறக்கித் திறந்து பாருங்கள். காப்புச் சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள். நாம் இல்லாத நாளில் அந்தப் படங்களைத் தேடப்போகிறவர்கள் அவர்கள்தான்.